மணியும் கயிறும்

மாதோட்டம் எனப் பழம்பெயர் பூண்ட எங்கள் நிலத்தின் ஊடே ஒரு புகையிரதப் பாதை செல்கிறது. மதவாச்சியில் பிரிந்து, செட்டிகுளம், முருங்கன், திருக்கேதீஸ்வரம், மன்னார் முதலிய நிலையங்களைத் தொட்டுத் தலைமன்னார் இறங்குதுறையில் முடியும் பாதை அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1990இல் போர் அதன் ஓட்டத்தை நிறுத்திற்று. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் மீளமைத்த பின்னர், 2015 மார்ச் 14ஆம் நாள் தலைமன்னார் வரை மீண்டும் புகையிரதம் ஓடலாயிற்று. இடையில் கழிந்த ஆண்டுகள் இருபத்தைந்து. ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்து, பிள்ளைகளையும் பெற்றுவிட்டது. தண்டவாளத்தைக் கடக்குமுன் நின்று இருபுறமும் நோக்கும் பழக்கம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்வது. அந்தச் சங்கிலி எங்கள் ஊர்களில் அறுந்துபோயிற்று. பாதை திரும்பி வந்தது; பழக்கம் திரும்பி வரவில்லை.

பாதை வந்த ஆறாம் ஆண்டில், 2021 மார்ச் 16ஆம் நாள், தலைமன்னாரில் கடவை ஒன்றில் தனியார் பஸ் வண்டியொன்று புகையிரதத்தோடு மோதிற்று. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களுள் பலர் மாணவர். மறுநாள் எங்கள் வகுப்பறைகளில் பாடம் நடந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. ஆசிரியராகிய நாங்களும் திறக்கவில்லை.

சென்ற தவணையில் பதினோராந் தர மாணவருக்கு ‘நாளைய வீதி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். வாகனங்கள் ஒன்றோடொன்று கம்பியில்லாத் தொடர்பினாற் பேசும் காலம் வருகிறது, வீதியும் வாகனத்தோடு பேசும், எனவே விபத்து என்ற சொல்லே அகராதியிலிருந்து மறையும் என்று ஒரு மாணவன் அழகாக எழுதியிருந்தான். அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “என்ர சைக்கிளோடையும் பேசுமோ, சேர்?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில், கடவையடியில் என் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது, அதிற் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது புலனாயிற்று. அந்தக் கேள்வியை ஒழுங்காக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விஞ்ஞானத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். மனிதக் கண் தன் முன்னே மறைவின்றித் தெரிவதை மட்டுமே காணும். வளைவுக்கு அப்பால், பனங்கூடலின் பின்னால், முன்னே செல்லும் பாரவூர்தியின் மறைவில் என்ன வருகிறது என்பதைச் சாரதி அறியான். வானொலி அலையோ இத்தகைய மறைவுகள் பலவற்றைத் தாண்டிச் செல்லும். வாகனத்திற் பொருத்திய சிறு கருவி தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை ஒலிபரப்புகிறது. சில நூறு மீற்றருக்குள் வரும் ஏனைய வாகனங்கள் அதைக் கேட்டு, மோதல் நேருமா எனக் கணக்கிட்டுச் சாரதியை எச்சரிக்கின்றன. வீதியோரக் கம்பத்தில் நாட்டிய மற்றொரு கருவி, சந்தி விளக்கு இன்னும் எத்தனை நொடியிற் சிவப்பாகும், எங்கே ஆபத்தான வளைவு, எங்கே திருத்தவேலை என்பனவற்றைச் சொல்கிறது. 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆன் ஆர்பர் நகரில் ஏறத்தாழ 2,800 வாகனங்களைக் கொண்டு இம்முறையைப் பரீட்சித்தனர். யூட்டா மாநிலத்தில் 2017இல், தாமதமாக வரும் பொதுப் பஸ் வண்டி சந்தி விளக்கிடம் பச்சையைச் சற்று நீட்டித்தரக் கேட்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் ஏறிச்செல்லும் வண்டிக்கு வீதி வழிவிடும் இந்த ஏற்பாட்டை எந்த முற்போக்காளனும் வரவேற்பான். இவற்றையெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு எனத் தள்ளிவிடுவது அறியாமை. காணாததைக் காணவும், வருமுன் அறியவும் மனிதன் செய்த நெடிய முயற்சியின் தொடர்ச்சியே இது.

ஆயினும், எச்சரிக்கை எவர் காதில் விழுகிறது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. கருவி பூண்ட வாகனம் கருவி பூண்ட வாகனத்தோடு மட்டுமே பேசும். வீதியில் ஓடும் வாகனங்களிற் பத்தில் ஒன்றுக்குக் கருவி இருப்பதாகக் கொள்வோம். தற்செயலாகச் சந்திக்கும் இரு வாகனங்களும் கருவியுடையனவாய் இருக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். இது பாடசாலைக் கணிதம். அதன் பொருளோ ஆழமானது. வைரமாலையை ஒருவர் மட்டும் வாங்கி அணிந்து மகிழலாம்; இந்தப் பாதுகாப்பை அவ்வாறு தனியே வாங்க முடியாது. அயலானிடமும் அது இருந்தாலன்றி என்னிடமிருப்பது பயன்படாது. இயல்பிலேயே பொதுவாக இருக்கவேண்டிய ஒரு பொருளைச் சந்தையிற் கூறுபோட்டு விற்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆராய்ச்சியின் வரலாறே சான்று பகர்கிறது.

அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு, 5.9 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை வாகனத் தொடர்புக்கென ஒதுக்கப்பட்டது. ஆகாயத்தில் ஒரு பொதுவழி திறந்தது போன்ற செயல் அது. ஆனால் வழி திறந்தும் நடப்பார் இல்லை. முதலிற் செலவிடுபவனுக்குப் பயன் கிட்டாத வாணிகத்தில் எந்த நிறுவனம் முதலில் இறங்கும்? இரு வேறு தொழில்நுட்பங்களின் ஆதரவாளர் எதிரெதிர் நின்று வாதாடினர். 2016 டிசம்பரில், புதிய இலகு வாகனங்கள் யாவும் இக்கருவியைக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி முன்மொழியப்பட்டது. அது சட்டமாகாமலே கிடந்து 2023இல் மீளப்பெறப்பட்டது. இதற்கிடையே 2020 நவம்பரில், ஒதுக்கிய 75இல் 45 மெகாஹேர்ட்ஸை எடுத்து வைஃபை முதலிய பயன்பாட்டுக்குத் திறந்துவிடத் தீர்மானித்தனர். பாதுகாப்புக்கு எஞ்சியது 30. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் சிறிது சிறிதாகச் சுருங்கியதைக் கண்ட எங்களுக்கு இந்தக் கதை புதிதன்று. கண்ணுக்குத் தெரியாத வெளிக்கும் எல்லைக்கல் உண்டு. அதையும் நகர்த்த முடியும் என்பதே புதிது.

இவ்விடத்திற் பழங்கதை ஒன்றை நினைவுகூர்வது பொருந்தும். பெரியபுராணம் அதைத் திருவாரூரில் வைத்து மனுநீதிச் சோழன் பெயராற் சொல்கிறது. மகாவம்சமோ அதே கதையை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. இரு மொழியாரும், பகைத்து நின்ற காலத்திலும், பொதுவாகப் பேணிய கதை அது. அரசன் ஒரு மணியைக் கட்டி வைத்தான்; நீதி வேண்டுவோர் யாரும் வந்து இழுக்கலாம். இளவரசன் தேரோட்டிச் சென்றபோது வீதியிற் கிடந்த கன்று சக்கரத்திற் பட்டு மாண்டது. தாய்ப்பசு வந்து மணியை இழுத்தது. அரசன் தன் மகனுக்கும் அதே சக்கரத்தால் மரணம் விதித்தான்.

மகனைக் கொன்ற நீதியைக் குழந்தைகளுக்கு வியந்து கற்பிக்கிறோம். நான் வியப்பது அதையன்று. பசுவும் இழுக்கக்கூடிய கயிறு ஒன்று அங்கே தொங்கியது என்பதையே வியக்கிறேன். பசுவிடம் பணமில்லை, மொழியில்லை, தேர் இல்லை. ஆயினும் கயிறு அதன் வாய்க்கு எட்டிற்று. அந்தக் கதையின் குறையும் வெளிப்படையானது. மணி ஒலித்தது கன்று இறந்த பின்னர். இன்றைய விஞ்ஞானத்தின் பெருமை, மணியைக் கன்று சாகுமுன் ஒலிக்கச் செய்ய வல்லது என்பதே. ஆனால் அந்த மணியின் ஓசை தேரில் இருப்பவனுக்கு மட்டுமே கேட்குமாயின், கயிறு விலை கொடுத்தவன் கைக்கு மட்டுமே எட்டுமாயின், நாம் எல்லாளனைக் கடந்து முன்னே சென்றோமா, பின்னே சென்றோமா?

பழைமை பொற்காலம் என்று சாதிப்பது என் கருத்தன்று. எங்கள் வீதிகளில் முன்னோர் சுமைதாங்கி நாட்டினர், மடம் அமைத்தனர், மாடு உடல் உரஞ்ச ஆவுரஞ்சிக் கல்லும், நீர் அருந்தக் கேணியும் வைத்தனர். வழிச்செல்வோருக்கு வீதி காட்டிய பரிவு அது. ஆனால் அதே வீதியோரத்துக் கிணறும் தேநீர்க்கடையும் வந்தவனின் சாதியைக் கேட்டே நீர் கொடுத்தன. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் எல்லோர்க்கும் திறக்கப் போராட்டம் வேண்டியிருந்தது. பொதுவென்று பெயர் பெற்ற எதுவும் தானாகப் பொதுவாகிவிடவில்லை. வானொலி அலையும் ஆகாது.

இனி எங்கள் கடவைக்கு வருவோம். அமெரிக்கப் புகையிரத நிர்வாகத்தின் ஆதரவில் ஆராயப்பட்ட ஒரு முறையில், மணியும் விளக்கும் இயங்கத் தொடங்கும்போது கடவைக் கருவி அச்செய்தியை அண்மித்து வரும் வாகனத்துக்கு அனுப்புகிறது. வாகனம் தன் வேகத்தையும் தூரத்தையும் கணித்து, ‘இவ்வேகத்திற் சென்றால் நிற்க இயலாது’ எனச் சாரதிக்கு உணர்த்துகிறது. சிறந்த கருவிதான். ஆனால் அது பேச வேண்டுமாயின், புகையிரதம் வருவதைக் கடவை முதலில் அறிந்திருக்க வேண்டும். மணியுமில்லை, விளக்குமில்லை, கதவுமில்லை என்றிருக்கும் கடவையில் வீதியிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? ஊமை வீதிக்கு ஒலிபெருக்கி வாங்குவதாற் பயனில்லை.

இதே கம்பியில்லாத் தொடர்பை வேறு வழியிற் பயன்படுத்தியோரும் உளர். இந்தியப் புகையிரதங்களிற் பொருத்தப்பட்டுவரும் ‘கவச்’ என்னும் பாதுகாப்பு முறைக்குப் பல பணிகள். அவற்றுள் ஒன்று, கடவையை நெருங்கும்போது எந்திரம் தானே ஊதுவது. செய்தி வானொலி அலையாய் வருகிறது, சங்கொலியாய் வெளிப்படுகிறது. சங்கொலி கேட்கக் கருவி வேண்டாம். மாணவிக்கும் கேட்கும், முச்சக்கரவண்டிக்காரனுக்கும் கேட்கும், மன்னார் வீதிகளில் உரிமையோடு நிற்கும் கழுதைக்கும் கேட்கும். நான் நாடும் விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. அறிவு எவ்வளவு நுட்பமான வழியிலும் வரட்டும்; எச்சரிக்கை எல்லோர் புலனுக்கும் எட்டும் வடிவில் வெளிவர வேண்டும். முதலிற் கதவும் மணியும் விளக்கும். அதன்மேல் வேண்டுமாயின் வானொலி.

மற்றப் பாதி கடவைக் காப்பாளரிடம் இருக்கிறது. வடக்கிற் பாதைகள் மீளமைக்கப்பட்டபோது, பாதுகாப்பற்ற கடவைகளில் நிற்கப் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாகப் பலர் தற்காலிகமாக அமர்த்தப்பட்டனர். பல ஆண்டுகளாக அவர்கள் பெற்ற ஊதியம் நாளொன்றுக்கு 250 ரூபா. மாதம் முழுவதும் நின்றால் 7,500. நிரந்தர நியமனமும் நியாயமான ஊதியமும் வேண்டி அவர்கள் பலமுறை போராடினர். ஒரு பஸ்ஸில் ஐம்பது உயிர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு எத்தனை நூறு உயிர்களை அந்த 250 ரூபா காத்தது என்ற கணக்கை எந்த வரவுசெலவுத் திட்டமும் போட்டதில்லை.

ஒருநாள் மாலை அத்தகைய காப்பாளர் ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றேன். “தானாக அடிக்கும் மணி வந்தால் உங்கள் வேலை என்னாகும், அண்ணை?” என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். “மணி வந்தா நல்லம்தான், சேர். எனக்கும் கண் தூங்கும்தானே. ஆனா இதாலை ஒரு ஆச்சி விறகோடை வாறவ. காது சுத்தமாக் கேளாது. அவவை நான் போய்க் கையிலை பிடிச்சுத்தான் மறிக்கிறனான்” என்றார். எந்திரத்தின் தேவையையும் மனிதனின் தேவையையும் இவ்வளவு நேர்மையாக ஒருங்கே சொன்ன நூலொன்றை நான் படித்ததில்லை.

கண் தூங்கும் என்று அவர் சொன்னது முக்கியம். காப்பாளன் இருந்தாற் போதும் என்று வாதிடுவது உழைப்பாளி மீது அன்பு காட்டுவதாகாது. அவன்மீது தாங்கமுடியாத சுமையை ஏற்றுவதாகும். 2025 ஜூலை 8ஆம் நாள் தமிழகத்திற் கடலூருக்கு அருகே செம்மங்குப்பத்தில், பாடசாலை வான் மீது புகையிரதம் மோதி மாணவர் மூவர் மாண்டனர். அங்கே கதவும் இருந்தது, காப்பாளரும் இருந்தார். கதவையும் சமிக்ஞையையும் பிணைக்கும் பொறி இருக்கவில்லை. அப்பொறி உள்ள இடத்திற் கதவு மூடப்பட்டாலன்றிச் சமிக்ஞை பச்சையாகாது. ஒரு மனிதன் மறந்தாலும் புகையிரதம் நிற்கும். பழைமையான, எளிமையான தொழில்நுட்பம் அது. விபத்து நடந்ததும் காப்பாளனைக் கைகாட்டும் சமுதாயம், அந்தப் பொறியைப் பொருத்தாத கையை எளிதில் மறந்துவிடுகிறது.

எச்சரிக்கை பற்றிய மற்றோர் உண்மையும் உண்டு. 2005 ஏப்ரல் 27ஆம் நாள் பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரையில், பயணிகளை ஏற்றிய பஸ் வண்டி எச்சரிக்கையை மீறிக் கடவைக்குள் நுழைந்து, புகையிரதத்தில் மோதி, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மற்றொரு பஸ்ஸோடு ஓடிய போட்டி அது. அங்கே செய்தி கிடைக்காமற் போகவில்லை. செய்தியை விட உரத்த குரலொன்று சாரதியின் காதில் ஒலித்தது. முந்திச் சென்றவனுக்கே அடுத்த தரிப்பிடத்தின் பயணிகள். பயணிகள் இருந்தாற்றான் அன்றைய வசூல் என்ற குரல் அது. நொடிக்குப் பத்து முறை ஒலிக்கும் எந்தக் கருவியும் அந்தக் குரலை அடக்காது. மேலும், கருவி பொருத்திவிட்டோம், இனித் தவறு எச்சரிக்கப்பட்டவன் தலையில் என்று பொறுப்பை இறக்கி வைக்கவும் எச்சரிக்கை உதவிவிடும். எச்சரிப்பது கடமையின் தொடக்கம். அதையே கடமையின் முடிவாக்கிக் கொள்வோரிடம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

இறுதியாக, எங்கள் மண்ணுக்கே உரிய ஓர் அச்சம். போர்க்காலத்தில் மாணவனாய் இருந்த எனக்கு, வீதி பேசிய மொழி ஒன்றே: ‘நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?’ மதவாச்சிச் சோதனைச் சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மறுபுறம் வேறு வண்டி ஏறிய நினைவு எங்கள் தலைமுறைக்கு அழியாது. தன் இடத்தையும் திசையையும் இடைவிடாது அறிவிக்கும் வாகனம் என்று கேட்டதும் எங்கள் மனம் துணுக்குறுவது இயல்பு. ஆராய்ச்சியாளர் இதை எண்ணாமல் இல்லை. செய்தி பொய்யன்று என உறுதி செய்யும் சான்றிதழை ஒவ்வொரு வாகனமும் காட்டவேண்டும். ஆனால் அச்சான்றிதழ் பெயரைச் சொல்லாது. ஒருவர் போக்கைத் தொடர்ந்து பின்பற்ற முடியாதவாறு அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் என வகுத்துள்ளனர். ஊர் பேர் கேளாமலே ஒருவன் சொல்லை நம்புவதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இதை நான் கணிதத்தின் வெற்றி என்பதோடு அறத்தின் வெற்றி என்றும் சொல்வேன். எனினும் அந்தச் சாவிகளை வைத்திருப்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்பவர் என்ற கேள்வி கணிதத்துக்கு வெளியே நிற்கிறது. எச்சரிக்கும் வீதி வேறு. விசாரிக்கும் வீதி வேறு. இரண்டுக்கும் ஒரே கம்பம் போதும் என்பதால், அதை நாட்டும் போதே மக்கள் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஆகவே விஞ்ஞானத்தை நிறுத்துங்கள் என்பதன்று என் முடிவு. அபாயத்தை முன்னறிந்தவன் அதைப் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். வெள்ளம் வருவதைக் கண்டவன் விலை பேசிக் கூவுவதில்லை. ஒரு சமுதாயம் எந்திரங்களின் வழியே அபாயத்தை அறிந்தாலும் அதன் கடமை அதுவே. கதவும் மணியும் எல்லாக் கடவைக்கும் வரட்டும். காப்பாளன் கௌரவமான ஊதியத்தோடு நிற்கட்டும். அவன் கண் தூங்கும் நொடியிற் பொறி விழித்திருக்கட்டும். வசூலுக்காக ஓடாத பொதுப் போக்குவரத்து ஓடட்டும். இவற்றின் மேல் வானொலி அலை வருமாயின் அது வாழ்க.

அந்த மாணவிக்கு நான் இன்னும் முழு விடை சொல்லவில்லை. இப்போதைக்கு வீதி அவள் சைக்கிளோடு பேசவில்லை. பேச வைக்க முடியும் என்று மட்டும் சொன்னேன். கட்டுரையைத் திரும்ப எழுதும்படி வகுப்பு முழுவதற்கும் கொடுத்திருக்கிறேன். வீட்டிலிருந்து பாடசாலை வரை உள்ள கடவைகளில் மணி உண்டா, விளக்கு உண்டா, கதவு உண்டா, ஆள் உண்டா என்று பார்த்து எழுதவேண்டும். இம்முறை தலைப்பு: ‘எங்கள் கடவை’.